நூற்றியொரு டிகிரியில் திறக்கும் மருந்து

சிப்பிமேட்டில் எழுநூற்றுச் சொச்சம் இடது கைகளில் அந்த மருந்தை வைத்தவள் நான். அதனால் இந்த விஷயத்தை வேறு யாராவது விளக்க வந்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். நான் பண்ணியதை நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஜெபக்கனி. தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளங்களுக்கு நடுவில் கிடக்கிற அந்த ஊரின் துணைச் சுகாதார நிலையத்தில் நர்ஸ். நிலையம் என்றால் ஒரு அறை, ஒரு கட்டில், மின்சாரம் இருந்தால் ஓடுகிற ஒரு குளிர்பெட்டி. எங்கள் கரைக்கு முறுக்குக் காய்ச்சல் வந்து அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. ஐப்பசி மழையோடு வரும், மார்கழி வரைக்கும் இருக்கும். முதல் நாள் சாதாரணக் காய்ச்சலாகத்தான் தெரியும். இரண்டாம் நாள் கழுத்து பின்பக்கமாக வளையும். அதற்கு மேல் பிழைத்தவர்கள் கொஞ்சம் பேர், பிழைத்தவர்களிலும் பாதிப் பேருக்குத் தங்கள் பெயர் தெரியாது.

மருந்து இல்லாமல் இல்லை. காய்ச்சல் ஏறிய பத்து மணி நேரத்துக்குள் உள்ளே போனால் கேட்கும். அதற்குப் பிறகு போட்டால் கேட்காது. எங்கள் ஊரில் முதல் பத்து மணி நேரத்தில் எவரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப மாட்டார்கள். அளத்து வேலையை முடித்து, கஷாயம் வைத்துக் குடித்து, போர்த்திப் படுத்துப் பார்த்து, விடிந்தும் விடவில்லை என்றால்தான் பஸ்ஸைப் பற்றி யோசிப்பார்கள். அவர்களைத் திட்டித் திட்டியே என் தொண்டை கட்டியிருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் மாதங்கி சென்னையிலிருந்து அந்தக் கூழைக் கொண்டு வந்தார். மருந்து ஆராய்ச்சி செய்கிறவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், வெயிலைப் பார்த்தால் கண்ணைச் சுருக்கிக்கொள்கிற ஆள். ஒரு கண்ணாடிக் குப்பியில் மொச்சைப் பயறு அளவில் பளபளவென்று ஒன்றைப் போட்டு என் மேஜை மேல் வைத்தார்.

"சூடு பட்டா உருகற பொருள்தான் நமக்குத் தெரியும் சிஸ்டர். இது நேர்மாறு. உடம்பு சாதாரணமா இருக்கறப்ப மருந்தைக் குடிச்சுட்டு உப்பிப்போய் உக்காந்திருக்கும். நூத்தியொரு டிகிரியைத் தாண்டினா சுருங்கும். சுருங்கறப்ப உள்ள இருக்கற மருந்து பிழிஞ்சு ரத்தத்துல கலந்துடும். காய்ச்சல் இறங்கினா மறுபடி உப்பி மூடிக்கும். மொத்தம் மூணு வேளைக்கான மருந்து இருக்கு."

தோலுக்கு அடியில் வைத்துவிட்டால் போதும், காய்ச்சலே கதவைத் தட்டித் தன் மருந்தைக் கூப்பிட்டுக்கொள்ளும். நேரத்துக்குக் கிளம்பாத எங்கள் சனத்துக்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்த மாதிரி இருந்தது. எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

விதிகள் இரண்டு. ஒருவருக்கு ஒரு முறை வைத்தால் அடுத்தது இரண்டு வருடம் கழித்துத்தான். பதினெட்டு முடியாதவர்களுக்குக் கிடையாது, சிறு வயதுக்காரர்கள் மேல் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை.

இரண்டாவது விதியை முதலில் எதிர்த்தவள் சந்தனமாரி. முப்பத்தெட்டு வயது, பாத்தியில் உப்பு வாரிக் கரையேற்றுகிற வேலை. அவள் புருஷனை இரண்டு வருடம் முன்னால் இதே காய்ச்சல் கொண்டுபோனது. மிச்சம் இருந்தது பதினேழு வயது மகள் பொன்மலர். அவளும் அம்மாவோடு அளத்துக்குப் போகிறவள். தை மாதம் சந்தனமாரியின் கையில் நான் கூழை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியதும் அவள் எழுந்திருக்கவில்லை. மகளை இழுத்து முன்னால் நிறுத்தினாள்.

"எக்கா, இவளுக்கு?"

"பதினெட்டு முடியணும்டி. அடுத்த தையில கூட்டிட்டு வா, மொத ஆளா வச்சு விடுதேன்."

"காய்ச்சல் வயசு கேட்டுட்டா வருது?"

அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவள் அதையே கேட்டாள். கடையில் கேட்டாள், கோயில் கொடையில் கூட்டத்துக்கு நடுவே கேட்டாள். நான் இரண்டு முறை மேலே எழுதிப் போட்டேன், விதியை மாற்ற முடியாது என்று இரண்டு முறையும் பதில் வந்தது. ஒரு கட்டத்தில் அவளைக் கண்டாலே எனக்குச் சலிப்பாகத்தான் இருந்தது, இப்போது அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

பங்குனியில் வேறு ஒரு வம்பு ஆரம்பித்தது. மத்தியானம் ஆனால் வாய் கசக்கிறது, காது இரைகிறது என்று அளத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வெயில் பித்தம் என்று நினைத்து நான் மோர் குடிக்கச் சொல்லி அனுப்பினேன். சந்தனமாரிதான் பிடித்தாள். கூழை வைத்த அன்று அதில் ஒட்டியிருந்த மருந்தில் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தாளாம், அதே கசப்பு என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கையின் மேல் வைத்தால் உள்ளே எத்தனை வேளை மருந்து மீதி என்று காட்டுகிற கருவி ஒன்றை எனக்குக் கொடுத்திருந்தார்கள். அவள் கையில் வைத்தேன். மூன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு காட்டியது. வரிசையாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். வயசான பெண்கள் சிலருக்கு ஒன்றுகூட இல்லை.

டாக்டர் மாதங்கிக்குப் போன் போட்டுக் கருவி காட்டியதைச் சொன்னேன். அவர் மெதுவாகச் சொன்னார், சோதனையில் இருந்தவர்கள் எல்லோரும் நிழலில் வேலை பார்க்கிறவர்கள். மண்டையைப் பிளக்கிற வெயிலில், கீழே உப்பு இன்னொரு வெயிலாகத் திருப்பி அடிக்க, எட்டு மணி நேரம் நிற்கிற கை எவ்வளவு சுடும் என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. உடம்புக்குக் காய்ச்சல் இல்லை, ஆனால் அந்தக் கைக்குக் காய்ச்சல். கூழுக்கு வித்தியாசம் தெரியாது.

மேலே எழுதினோம். காலை பதினொன்று முதல் மாலை நான்கு வரை பயனாளிகள் வெயிலைத் தவிர்க்க வேண்டும் என்று கடிதம் வந்தது. அதை நான் அளத்துக் கரையில் நின்று வாசித்துக் காட்டினேன். அவர்கள் சிரித்த சிரிப்பில் பாத்தித் தண்ணீர் ஆடியிருக்கும்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நான் ஒரு காரியம் செய்தேன். பழைய சேலையைக் கிழித்து, குடிதண்ணீரில் நனைத்து, சந்தனமாரியின் கையில் கூழ் இருக்கிற இடத்தில் சுற்றிக் கட்டினேன். காய்ந்தால் மறுபடி நனைக்கச் சொன்னேன். ஒரு வாரம் கழித்துக் கருவியை வைத்தால் இரண்டு அப்படியே இருந்தது. வாய் கசக்கவில்லை. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அவள்தான் ஒவ்வொரு பாத்தியாகப் போய், ஈரத்துணி கட்டாமல் நிற்கிறவளை ஏட்டி என்று அதட்டிக் கட்டவைத்தாள். நான் என் பங்குக்கு ஊர் ஊராகப் பேசினேன். வீணாக்காதீர்கள், இது போனால் இரண்டு வருடத்துக்கு வேறு கிடையாது, பத்திரமாக வையுங்கள் என்று சொன்னேன். அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எதுவும் இரண்டாம் முறை கிடைத்துப் பார்த்திராத சனத்திடம் அப்படிச் சொன்னால் அவர்கள் எவ்வளவு பத்திரமாக வைப்பார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

ஆடியில் டாக்டர் மாதங்கி நேரில் வந்து பார்த்தார். வெள்ளை உப்புக்கு நடுவே நூறு பெண்கள் இடது கையில் கலர் கலராக ஈரத்துணி கட்டி நிற்பதைப் போட்டோ எடுத்தார். மருந்து தீர்ந்தோ குறைந்தோ போனவர்களுக்கு மட்டும் மறுபடி வைக்க அனுமதி வாங்கிக் கொடுத்தார். சந்தனமாரிக்கு இரண்டை மூன்றாக்கினோம். எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டினேன், வெட்கமில்லாமல்.

ஐப்பசியில் மழை பிடித்தது. அளத்தில் வேலை நின்றது. பத்தாம் நாளோ என்னவோ, மத்தியானம் நான் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பொன்மலர் நனைந்துகொண்டே வந்தாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்றாள். நான் பதறவில்லை. சந்தனமாரி கையில் மூன்று வேளை மருந்து முழுசாக இருக்கிறதே என்று நினைத்தேன். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் குடையை எடுத்தேன்.

வீட்டுக்குள் அவள் பாயில் கிடந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது, நூற்றிநான்கு. இடது கையில் ஈரத்துணி. பக்கத்தில் ஒரு சட்டியில் தண்ணீர், அதில் இன்னொரு துணி நனைந்துகொண்டிருந்தது. கருவியை எடுத்து வைத்தேன். மூன்று.

அவ்வளவு கொதிக்கிற உடம்பில் அந்த ஒரு சாண் இடம் மட்டும் சில்லென்று இருந்தது. உள்ளே மருந்து காய்ச்சல் இருப்பதே தெரியாமல் உப்பிக் கிடந்தது. நான் துணியைப் பிய்த்து எறிந்தேன். எப்போதிருந்து காய்ச்சல் என்று பொன்மலரைக் கேட்டேன். நேற்று அதிகாலையிலிருந்து என்றாள். கணக்குப் போட்டேன், முப்பத்திரண்டு மணி நேரம்.

"என்னட்டி பண்ணி வச்சிருக்கா உங்கம்மா? இத எதுக்குக் கட்டுனா?"

பொன்மலர் சட்டியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

டாக்டர் மாதங்கியைக் கூப்பிட்டேன். முப்பத்திரண்டு மணி நேரம் என்றதும் அவர் குரல் மாறியது. இப்போது திறந்து பிரயோஜனம் இருக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன், ஓடைப் பாலத்தில் தண்ணீர் போகிறது, இறங்கியதும் வருகிறோம் என்றார்கள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார என்னால் முடியாது, நான் அப்படிப்பட்ட ஆளில்லை. துணியை எடுத்துவிட்டாலும் குளிர்ந்துபோன கை சூடேறி, கூழ் தானாகத் திறக்க அரை மணி ஆகும். ஒவ்வொரு வேளையாகத்தான் வரும். கூடுதலாகச் சூடு கொடுத்தால் மூன்றும் சேர்ந்து வரும். பொன்மலரிடம் கல்லுப்பை வறுக்கச் சொன்னேன். மூட்டுவலிக்கு ஒத்தடம் கொடுக்க எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். அவள் அடுப்பைப் பற்றவைத்து வறுத்தாள், துணியில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தாள். நான் ஒத்தடம் கொடுக்கக் கொடுக்க, அம்மாவின் கையை அசையாமல் பிடித்துக்கொண்டதும் அவள்தான்.

சந்தனமாரி ஒரு முறை கண்ணைத் திறந்து கையை உருவப் பார்த்தாள்.

"வேண்டாம்க்கா. விட்டுருக்கா."

"சுடத்தான் செய்யும். பொறுத்துக்கோ, சந்தனம்."

அவள் பலம் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்தாள். நாங்கள் இரண்டு பேரும் அழுத்திப் பிடித்தோம். கருவியில் இரண்டு வந்தது, ஒன்று வந்தது, பிறகு ஒன்றுமில்லை என்று காட்டியது. மூன்று வேளை மருந்தும் அவள் ரத்தத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் ஏசுவே என்று சுவரில் சாய்ந்தேன். சாயங்காலம் ஆம்புலன்ஸ் வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குப் பெரியாஸ்பத்திரியில் அவள் இறந்துபோனாள்.

அன்றைக்கே வீடு வீடாக ஏறினேன். காய்ச்சலோடு படுத்திருந்த பதினான்கு பேரில் ஒன்பது பேர் கையில் ஈரத்துணி. இது சும்மா மழைக் காய்ச்சல் நர்ஸக்கா, பெரிய காய்ச்சல் வரும்போது திறந்துகொள்ளலாம் என்று ஒரு கிழவர் எனக்கே விளக்கம் சொன்னார். நான் எல்லாத் துணிகளையும் அவிழ்த்தேன், சிலரைக் கையால் அடித்தும் அவிழ்த்தேன். பத்து மணி நேரத்துக்குள் கிடைத்த ஐந்து பேர் பிழைத்தார்கள். மற்ற நான்கு பேரைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

மூன்றாம் நாள் பொன்மலரிடம் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்பு என்னுடையது என்றேன். பத்திரமாக வை, வீணாக்காதே என்று உங்கம்மா மண்டையில் ஏற்றியவள் நான், அவள் இதைச் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து மருந்தை மிச்சம் பிடித்துவிட்டாள், என்னை மன்னித்துவிடு என்றேன்.

அவள் தலையை அசைத்து மறுத்தாள்.

"இல்லக்கா. அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்கு வந்த மாதிரியே வந்திருக்குன்னு மொத மணி நேரத்துலயே சொல்லிட்டாவ. அதுக்கப்புறந்தான் துணிய நனைச்சுக் கட்டுனாவ."

எனக்குப் புரியவில்லை.

"போட்டோ எடுக்க வந்தன்னைக்கு டாக்டரம்மாட்ட கேட்டிருக்காவ. தெறக்காத மருந்த ஒரு கையிலருந்து எடுத்து இன்னொரு கையில வைக்கலாமான்னு. வைக்க முடியும், ஆனா வைக்கக் கூடாதுன்னு சொன்னாவளாம். அம்மா எங்கிட்ட, நான் போனதும் நர்ஸக்காட்டச் சொல்லி நீ வாங்கி வச்சுக்கோ, அவுக வைப்பாவன்னு சொன்னாவ. ஒங்களக் கூப்புடவே கூடாதுன்னு சத்தியம் வாங்குனாவ. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல, அதான் ஓடி வந்தேன்."

"நான் உப்பு வறுக்கச் சொன்னப்பவாவது இதச் சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க அம்மாவப் பொழைக்க வைக்கத்தான பாத்தீய. அந்த மருந்து எனக்கு வேணும்னு நான் எப்படிக்கா சொல்லுவேன்?"

அதற்கு மேல் அந்த வீட்டில் என்னால் நிற்க முடியவில்லை. நிலையத்துக்கு வந்து டாக்டர் மாதங்கியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் அழுதார். அந்த அம்மா சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறார் என்று நினைத்தேன் சிஸ்டர், இரண்டு நிமிடப் பேச்சு என்றார். அவரை அழவிட்டேன். பிறகு, என் கையிலும் ஒன்று இருக்கிறது, நிழலில் வேலை பார்க்கிற கை, மூன்றும் முழுசாக இருக்கிறது, வந்து எடுத்துப் பொன்மலருக்கு வையுங்கள் என்றேன். வேலை போய்விடும் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். இங்கே இருக்கிற குழந்தைகளைப் பற்றி மட்டும் ஒன்று சொன்னார், சின்ன உடம்புக்கு இந்த அளவு கூடிப்போய்விடலாம், பதினேழு வயது என்பதால் ஒத்துக்கொள்கிறேன் என்றார்.

மறுநாள் மத்தியானம் அவரே கார் ஓட்டிக்கொண்டு வந்தார். பொன்மலர் வரமாட்டேன் என்றாள். உங்கம்மா எதுக்குச் செத்தாள் என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுதான், ஆனால் அதற்குப் பிறகுதான் வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டோம். மரத்துப்போக ஊசி போட்டு, என் கையை ஒரு விரல் நீளத்துக்குக் கீறி எடுத்து, அவள் கையில் வைத்துத் தைத்தார். அரை மணி நேர வேலை. சிப்பிமேட்டில் நர்ஸ் பகலில் கதவைச் சாத்தினால் ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி என்பதை நான் யோசிக்கவில்லை. வெள்ளம் ஏறியதால் டாக்டர் மாதங்கி அன்று என் வீட்டில் தங்கினார்.

காலையில் நாங்கள் இரண்டு பேரும் நிலையத்துக்குப் போனபோது மழை விட்டிருந்தது. வாசலிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஆண்களும் கொஞ்சம் பேர் இருந்தார்கள். எல்லோரும் பிள்ளைகளைக் கையில் பிடித்திருந்தார்கள். எல்லோரும் இடது கைச் சட்டையைத் தோள் வரைக்கும் மடித்துவிட்டிருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை, ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி பொறுமையாக நின்றார்கள். டாக்டர் மாதங்கி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

முதல் ஆளாக நின்றவள் ஆறுமுகக்கனி, சந்தனமாரிக்கு அடுத்த பாத்தியில் உப்பு வாருகிறவள். பக்கத்தில் அவள் மகள், பத்து வயது இருக்கும். ஆறுமுகக்கனியின் கண் சிவந்திருந்தது. கையில் சுற்றியிருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அவள் நெற்றியைத் தொடக் கையை நீட்டினேன். அவள் ஒரு அடி பின்னால் போனாள்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. நீங்க மொதல்ல இவளுக்கு வச்சு விடுங்க."